காலேஜ் ஸ்டூடண்ட் எங்கே போறார், வர்றார்? போன் சொல்லும்... யாருக்கெல்லாம் சொல்லலாம்?

காலை 8 மணிக்கு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட், 9 மணிக்கு கல்லூரி, மாலை ரமணாசிரமம் பக்கம் ஒரு டீ, இரவு ஹாஸ்டல். ஒரு மாணவரின் ஒருநாள் இதுதான்னு வைச்சுக்குவோம். இதை அவர் யாரிடமும் சொல்ல வேண்டாம். பாக்கெட்டில் இருக்கும் போனே சொல்லிடும்.

எப்படித் தெரிகிறது?

போன் பேசும்போதும் நெட் பயன்படுத்தும்போதும் எந்த டவர், எத்தனை மணி என்பது பதிவாகும். ஆனால் டவர் காட்டுவது தோராயமான இடம்தான். பௌர்ணமி அன்று 14 கி.மீ. கிரிவலப் பாதை நிரம்பும்போது பக்தர், மாணவர், வியாபாரி எல்லாரும் டவருக்கு ஒண்ணுதான். மாணவர்களை மட்டும் தனியாகப் பார்க்க, அவர்கள் சம்மதத்தோடு போனில் ஆப் போட வேண்டும்.

என்ன பயன்?

2013-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் இதைச் செய்தார்கள். 48 மாணவர்கள், 10 வாரம். பாடச்சுமை ஏற ஏற மன அழுத்தம் கூடியது. தூக்கமும், பேச்சும், நடமாட்டமும் குறைந்தன. கவனிக்க வேண்டிய மாணவரை முன்கூட்டியே அறிய இது உதவலாம்.

பெயரை நீக்கிட்டா போதுமா?

போதாது. 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் பதிவுகளை ஆராய்ந்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கே தகவல் கிடைத்தால், 95 சதவீதம் பேரின் பதிவைத் தனியே பிரித்துவிடலாம் என்றது அது. மேலே சொன்ன மாணவரின் ஒருநாளிலும் நான்கு இடங்கள்தான்!

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கட்டாயத்தால் வந்ததாக இருக்கக் கூடாது. கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியும். 18 வயது நிரம்பாதவர் 'குழந்தை'. முதலாம் ஆண்டில் 17 வயதுக்காரர்கள் நிறைய. அவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை, நடத்தையைக் கண்காணிக்கவும் தடை. ஆனால் கல்வி, பாதுகாப்பு காரணங்களுக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு. சிக்கலே இங்குதான். 'பாதுகாப்பு' எதுவரை என்று யார் முடிவு செய்வது?

அப்போ என்ன செய்யலாம்?

பஸ் நேரத்தை மாற்ற 'எத்தனை பேர்' என்ற எண்ணிக்கையே போதும், 'யார்' என்பது வேண்டாம். கல்லூரி ஆப் லொகேஷன் கேட்டால் 'அலவ்' அழுத்தும் முன் மூணு கேள்வி: எதுக்கு? எத்தனை நாளுக்கு? யார் பார்ப்பாங்க?