லெஃப்ட்ல திரும்பு மச்சி!

ஒரு பைக், ஒரு நண்பன், ஒரு போன். இந்த மூணும் இருந்தா உலகத்தையே சுத்தி வந்துடலாம்னு நினைக்கிற கோஷ்டியா நீங்க? கை கொடுங்க. போன மாசம் வரைக்கும் நானும் அதே கோஷ்டிதான்!

ஃபைனல் இயர் கடைசி செமஸ்டர். நண்பனுக்கு புனேயில வேலை கிடைச்சாச்சு. 'அதுக்குள்ள ஒரு ட்ரிப்'னு சென்னையில இருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம், புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு. நான் ஓட்டணும், பின்னாடி உட்கார்ந்து, போனைப் பார்த்து அவன் வழி சொல்லணும். இதுதான் ஒப்பந்தம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில கடல் எட்டிப் பார்க்கும், ஒளிஞ்சுக்கும். மரக்காணத்துல உப்பளம், வெள்ளை வெள்ளையா குவியல். பாட்டு, டீ, அரட்டைன்னு ஜாலியா போச்சு.

கனகசெட்டிக்குளத்துல "புதுச்சேரி வந்தாச்சு"ன்னான். காலாப்பட்டு பல்கலைக்கழகத்தைத் தாண்டி பொம்மையார்பாளையம் வந்தா, "மச்சி, திரும்பவும் தமிழ்நாடுன்னு காட்டுது!" "லூசு நீயா, போனாடா?"ன்னு கத்திட்டேன். கோட்டக்குப்பம் தாண்டினா மறுபடி புதுச்சேரி!

அப்புறம்தான் தெரிஞ்சது, போன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. காலாப்பட்டு தனித் துண்டு, நடுவுல தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரங்க உள்ளூர் ஆட்சியாளர்கள்கிட்ட இருந்து அப்பப்போ வாங்கின ஊர்கள் அப்படித் துண்டு துண்டா கிடந்துச்சு. 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியாவுக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி இணைஞ்ச பிறகும் அந்தக் கோடுகள் அப்படியேதான் இருக்கு. கேரளா பக்கம் மாஹே, ஆந்திரா பக்கம் ஏனாம்கூட புதுச்சேரிதானே!

அடுத்த காமெடி அரிக்கமேட்டுக்குப் போற வழியில. முருங்கப்பாக்கம் பக்கம், "லெஃப்ட்ல திரும்பு மச்சி!" திரும்பினேன். தெரு சந்தாச்சு, சந்து மண்பாதையாச்சு, மண்பாதை ஆத்தங்கரையில முடிஞ்சது. போன் மட்டும் அசரல... "நேராகச் செல்லவும்." நேரா ஆறு!

"ஒரு வழி சொல்லத் துப்பில்ல, நீயெல்லாம் புனேக்குப் போய்..."

வாய்ல இருந்து வந்துடுச்சு. அவன் பதில் பேசல. போனை பாக்கெட்ல போட்டுட்டு ஆத்தையே பார்த்துட்டு நின்னான். புது ஊர், தெரியாத பாஷைன்னு அவன் ஏற்கெனவே பயந்துட்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன்.

வலையைச் சரிபண்ணிட்டிருந்த பெரியவர் ஒருத்தர்தான் காப்பாத்தினார். "தம்பி, அது அந்தக் கரை. மெயின் ரோட்டுக்குப் போய்ப் பாலம் தாண்டுங்க. அரியாங்குப்பத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

விஷயம் சிம்பிள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள்ல குறைஞ்சது நாலோட சிக்னல் கிடைச்சா, நாம நிக்கிற இடத்தை போன் கணக்குப் போட்டுடும். அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. ஆனா எந்தச் சந்து எங்க முடியும்கிறது மனுஷங்களும் மெஷினும் சேர்ந்து போட்ட மேப் சொல்றது. அது தப்பலாம். நாம இருக்கிற இடம் வானத்துக்குத் தெரியும். வழி, அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்!

ஒருவழியா அரிக்கமேடு. மரங்கள், இடிஞ்ச செங்கல் சுவர், அமைதி. 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த மதுச்சாடித் துண்டுகள் கிடைச்ச இடம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பருவக்காற்றை நம்பி நடந்த வியாபாரம்.

"போனே இல்லாம வந்திருக்காங்க மச்சி"ன்னான் அவன். அரை மணி நேரத்துக்கு அப்புறம் பேசின முதல் வார்த்தை.

"தெரியாத ஊருக்குத்தான் வந்திருக்காங்க. கேட்டுக் கேட்டு வந்திருப்பாங்க. நீயும் சமாளிச்சிடுவ. சாரிடா."

சிரிச்சான். கிளம்புறப்போ அவனே போனை எடுத்தான். "லெஃப்ட்ல திரும்பு மச்சி."

தப்புன்னு எனக்கு நல்லாத் தெரியும். இருந்தாலும் திரும்பினேன்!