சினிமா விவசாயி எந்த ஊர்ல இருக்கான்?

எனக்கு சினிமா தொழில் தெரியாது. கேமரா, எடிட்டிங் பத்தியெல்லாம் பேச வரல. பண்டிகைக்கு டிவியில போடுறது, பையன் ஊருக்கு வந்தா அவன் போன்ல பாக்குறது, வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ தருமபுரி போய் தியேட்டர்ல பாக்குறது, அவ்வளவுதான் நம்ம சினிமா. ஆனா விவசாயம் தெரியும். தக்காளி, கேவுரு, கொஞ்சம் மரவள்ளின்னு முப்பது வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கேன். அதனால விவசாயியை வச்சு எடுத்த படங்களைப் பத்தி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன். கோவப்படுறவங்க படலாம்.

நம்ம தமிழ் சினிமாவுல விவசாயிக்கு ரெண்டே வேஷம்தான். ஒண்ணு பொணம், இல்லேன்னா சாமி.

பொணத்துக்கு உதாரணம் 2014-ல வந்த 'கத்தி'. தன்னூத்துன்னு ஒரு கிராமம். நிலத்தை கம்பெனிக்காரன் எடுத்துக்கப் பாக்குறான். யாரும் திரும்பிப் பாக்கலன்னு ஊர்ப் பெரியவங்க கழுத்தை அறுத்துக்கிட்டு சாகுறாங்க. தியேட்டர்ல எல்லாரும் அழுதாங்க, நானும்தான் கண்ணைத் தொடச்சேன். வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கும்போதுதான் ஒண்ணு உறைச்சது. அந்தப் பெரியவங்க என்ன பயிர் வச்சாங்க, என்ன விலைக்குப் போச்சு, எவ்வளவு கடன், எதுவுமே படத்துல மனசுல நிக்கல. செத்தாங்க, அது மட்டும்தான் நின்னுச்சு. உயிரோட இருந்து கணக்கு சொல்ற விவசாயி பக்கம் கேமரா திரும்பாதா?

ஆனா அந்தப் படத்துல ஒரு இடம் நிஜம். சென்னைக்குத் தண்ணி போற குழாய்க்குள்ள போய் பெரியவங்க உக்காந்துக்குவாங்க. வீட்டுக் குழாய்ல தண்ணி நின்ன பிறகுதான் பட்டணத்துக்காரங்க "யாருப்பா இவங்க?"ன்னு கேப்பாங்க. 2017-ல நம்ம தமிழ்நாட்டு விவசாயிங்க மண்டை ஓட்டை வச்சுக்கிட்டு டெல்லி ஜந்தர் மந்தர்ல நாப்பது நாள் உக்காந்தாங்களே, என்ன ஆச்சு? யார் வீட்டுக் குழாயும் நிக்கல. டிவியில வேடிக்கை பாத்துட்டு சேனலை மாத்திட்டீங்க.

அடுத்தது சாமி வேஷம். 2021 பொங்கலுக்கு 'பூமி'ன்னு ஒரு படம் நேரா போன்லயே வந்துச்சு. நாயகன் நாசாவுல விஞ்ஞானி. செவ்வாய் கிரகத்துல மனுஷன் வாழ வழி பண்றவர். லீவுக்கு ஊருக்கு வந்தவர் விவசாயியைக் காப்பாத்த இங்கயே தங்கிடுறார். ஏங்க, எங்களைக் காப்பாத்த அமெரிக்காவுல இருந்துதான் ஆள் வரணுமா? அந்தப் படம் வந்த அதே நாள்ல டெல்லி எல்லையில பஞ்சாப், ஹரியானா விவசாயிங்க குளிர்ல ரோட்டுல படுத்துக் கிடந்தாங்க. டிராக்டர் ஓட்டுறவங்க, கிழவிங்க, படிக்கிற பசங்க. ஒரு வருஷம் கிடந்து, 2021 நவம்பர்ல மூணு சட்டத்தையும் வாபஸ் வாங்க வச்சாங்க. எந்த விஞ்ஞானியும் வந்து காப்பாத்தல.

1967-ல எம்.ஜி.ஆர் 'விவசாயி'ன்னே ஒரு படம் நடிச்சார். அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் சினிமா விவசாயி சட்டை கசங்கவே இல்ல. (எங்க ஜில்லா பேர்லயே 2006-ல விஜயகாந்த் நடிச்ச 'தர்மபுரி' வந்துச்சு. பேரரசு ஊர் ஊரா பேர் வச்சு எடுத்தாரே, அந்த வரிசையில. நாங்களும் ஆசையாப் போனோம். அதைப் பத்தி இங்க வேணாம்.)

'கடைக்குட்டி சிங்கம்' 2018-ல வந்தது. குடும்பத்தோட பாத்தோம், என் வீட்டுக்காரிக்கு ரொம்பப் பிடிச்சது. விவசாயம் பண்றேன்னு தலை நிமிந்து சொல்ற நாயகன். அது நல்ல விஷயம், நான் குறை சொல்லல. ஆனா அந்த விவசாயியைக் கட்டிக்க மூணு பொண்ணுங்க போட்டி போடுது! அக்கா பொண்ணுங்க ரெண்டு, அவர் விரும்புற பொண்ணு ஒண்ணு. எங்க ஊருக்கு வந்து பாருங்க. முப்பத்தஞ்சு வயசைத் தாண்டுன பசங்க எத்தனை பேர், சொந்த நிலம், போர், மாடு எல்லாம் வச்சுக்கிட்டு பொண்ணு கிடைக்காம உக்காந்திருக்காங்கன்னு. பொண்ணு வீட்டுக்காரங்க கேக்குற முதல் கேள்வி, "பையன் ஓசூர்லயா, பெங்களூர்லயா?" அதைக் கேக்குறவரும் விவசாயிதான், அதையும் சொல்லிடுறேன். தன் தொழில் மேல தனக்கே நம்பிக்கை போன பிறகு பொண்ணை எப்படிக் கொடுப்பார்? இதை எடுங்கய்யா படமா. சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

'கடைசி விவசாயி'யைத் திட்ட எனக்கு மனசு வரல. மணிகண்டன் எடுத்தது, 2022-ல வந்தது. மாயாண்டியா வந்த நல்லாண்டி தாத்தா நடிச்ச மாதிரியே தெரியல, எங்க பெரியப்பா மாதிரி இருந்தார். சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருது வந்தது நியாயம்தான். அவர் கொல்லாத மயிலுக்கு அவர் மேல கேஸ். உள்ள போயிட்டா பயிர் காயுமேன்னு அவருக்குக் கவலை. அவர் வயலுக்குப் போய் தண்ணி பாச்சுன்னு போலீஸ்காரருக்கு கோர்ட்டு சொல்லும் பாருங்க, கோர்ட்டு வாய்தாவுக்குப் பயிர் காத்திருக்காதுன்னு அந்த டைரக்டருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அதுல தலைப்பு மட்டும்தான் ஆகல. யாருங்க கடைசி? எங்க ஊர்ல இன்னும் முக்கால்வாசி வீட்டுல ஏதோ ஒரு பயிர் இருக்கு. இன்னும் சாகாதவனுக்கு பால் ஊத்துற அவசரம் பட்டணத்துக்கு ஏன்?

மயில்னதும் யானை ஞாபகம் வருது. 2023 மார்ச் மாசம், எங்க மாரண்டஅள்ளி பக்கம் திருட்டு கரண்ட் வேலியில சிக்கி மூணு யானை செத்துச்சு. ரெண்டு குட்டி தாய் பக்கத்துலயே சுத்திக்கிட்டு நின்னுச்சு. வேலி போட்ட விவசாயியைக் கைது பண்ணாங்க. பண்ண வேண்டியதுதான், மின்சார வேலியை நான் நியாயப்படுத்தல. அது யானையை மட்டும் கொல்லாது, ராத்திரி தண்ணி கட்டப் போற மனுஷனையும் கொல்லும். அது நடந்து ஒரு வாரம் ஆகல, 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு ஆஸ்கார் கிடைச்சது. முதுமலையில யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி கதை. நல்ல படம். நாடே யானைக்குட்டி போட்டோவை ஸ்டேட்டஸ் வச்சது. ரெண்டு செய்தியும் ஒரே வாரத்துல வந்துச்சே, சேத்து வச்சு யோசிச்சவங்க எத்தனை பேர்? காட்டை ஒட்டி ஒரு ஏக்கர் கேவுரு போட்டவன், பன்னிக்கும் யானைக்கும் பயந்து பரண் மேல ராத்திரி பூரா தகரம் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கானே, அவனும் அந்தக் கதையில இருக்கணும். அவனை உத்தமனாக் காட்ட வேணாம், வில்லனாவும் வேணாம். தூங்காத மனுஷனாக் காட்டுங்க, போதும்.

"படம்னா பொழுதுபோக்குதானே அண்ணே, மண்டியையும் கணக்கையும் எப்படிப் படமா எடுக்க முடியும்?"னு ஒரு சென்னைத் தம்பி கேட்டார். மண்டியில இல்லாத சஸ்பென்ஸா தம்பி? குழித்தட்டு நாத்து வாங்கி நட்டு, குச்சி ஊனி, கயிறு கட்டி, சொட்டுநீர் போட்டு, மருந்து அடிச்சு, ரெண்டு மாசத்துக்கு மேல காத்திருந்து முதல் பறி பறிக்கிறோம். விடியக்காலையில பெட்டியை ஏத்திக்கிட்டு பாலக்கோடு மார்க்கெட் போய் இறக்குற வரைக்கும் என்ன விலைன்னு தெரியாது. ஏலம் கூப்புடுறவர் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணும். ஆந்திராவுல இருந்து எத்தனை லோடு வந்துச்சு, வெளியூர் வியாபாரி எத்தனை பேர் வந்தாங்க, மழை எங்க பெஞ்சது, எல்லாம் சேந்துதான் அந்த நாலு நிமிஷம். விலை சொன்ன பிறகு பறிகூலி, வண்டி வாடகை, இறக்குகூலி, நூத்துக்கு 10 கமிஷன் கழியும். மிச்சத்தை எண்ணிட்டு வீட்டுல என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே டீ குடிக்கிறோம் பாருங்க, அந்த மூஞ்சியை குளோசப்ல எடுங்க.

2023 ஜூலையில தக்காளி விலை கிலோ 100-ஐத் தாண்டுச்சு. ஞாபகம் இருக்கா? எல்லா டிவியிலயும் அதே பேச்சு. சென்னை ரேஷன் கடையில அரசாங்கம் கிலோ 60 ரூபாய்க்கு வித்துச்சு. நல்லது, ஏழைங்க வாங்கிச் சாப்பிடட்டும். அதே தக்காளி எங்ககிட்ட கிலோ நாலுக்கும் அஞ்சுக்கும் இறங்கும்போது எந்தக் கடையைத் திறந்தீங்க? ஒரு பொம்பள ஆளுக்கு நாள் கூலி 300, 350 ரூபாய். அந்த விலைக்குப் பறிச்சா கூலிகூட நிக்காதுன்னு செடியோட மாட்டை விட்டு மேய்க்கிறோம். நெல்லுக்கும் கேவுருக்கும் குறைந்தபட்ச ஆதார விலைன்னு ஒண்ணு இருக்கு, தக்காளிக்கு அதுவும் கிடையாது. கேவுரை அரசாங்கம் எடுத்து, 2023-ல இருந்து எங்க ஜில்லா ரேஷன் கடையில அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கொடுக்க ஆரம்பிச்சாங்க. எங்களுக்கு உதவுறது இந்த மாதிரி சப்புனு இருக்குற விஷயந்தான். பின்னணி இசை போட முடியாது.

இன்னொண்ணு. சினிமாவுல விவசாயின்னா தோள்ல துண்டு போட்ட ஆம்பள. நாத்து நடுறது, களை எடுக்குறது, பறிக்கிறது எல்லாம் யாரு? பொம்பளைங்க. அவங்க படத்துல பாட்டுக்கு ஆட மட்டும் வர்றாங்க. அதுவும் களைக்கொத்து இல்லாம.

கணக்கு காட்டுன படம் இல்லவே இல்லன்னு சொன்னா பொய். 'அசுரன்'ல (2019) சிவசாமிக்கு மூணு ஏக்கர்னு தெளிவா இருக்கும். அந்த மூணு ஏக்கருக்காகத்தான் அத்தனை ரத்தமும். அதுக்கும் முந்தி லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை', கடைக்குட்டி சிங்கம் வந்த அடுத்த மாசம், 2018 ஆகஸ்ட்ல வந்துச்சு. மலையில மூட்டை தூக்குற ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்கணும், அவ்வளவுதான் ஆசை. வாங்குறார். விதைக்கும் உரத்துக்கும் கடன்ல கட்டுப்பட்டு அந்த நிலத்தை விடுறார். கடைசியில அவர் நிலத்துல நட்ட காத்தாடிக்கு அவரே வாட்ச்மேன். ஒருத்தரும் கத்திப் பேசல, யாரும் யாரையும் காப்பாத்தல. இந்தப் படம் எங்க பக்கம் தியேட்டருக்கு வந்ததா நான் கேள்விப்படவே இல்ல. ரொம்ப நாள் கழிச்சு பையன் போன்லதான் பாத்தேன். பாதியில நிறுத்திட்டு வெளிய போய் நின்னேன். ஏன்னா, ரோட்டோரம் நிலத்தை வித்த எங்க பங்காளி ஒருத்தர், அதே இடத்துல கட்டுன குடோனுக்கு நைட் வாட்ச்மேனாப் போறார். அவர் தாத்தா வெட்டுன கிணத்தை மூடிட்டு அது மேலதான் லாரி நிக்குது.

படம் எடுக்குற தம்பிங்க யாராவது இதைப் படிச்சா, நல்லம்பள்ளி சந்தைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வாங்க. வெள்ளாடு விக்க வர்ற பெரியவர் பக்கத்துல சும்மா ரெண்டு மணி நேரம் நில்லுங்க. வசனம் எழுதுற வேலையே இருக்காது. டீ நான் வாங்கித் தர்றேன். "உழவன்தான் சாமி"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.