கடன் இருந்தால் வேலை கிடையாதா?

போன வாரம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் சென்னை வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பி.இ. முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். பேங்க் பரீட்சைக்கும் படிக்கிறான். "ஐயா, வேலை இல்லாதப்ப கல்விக் கடன் தவணை கொஞ்ச நாள் கட்டலை. இப்ப கட்டிக்கிட்டு வரேன். பேங்க்ல எடுக்க மாட்டாங்களாமே?" என்றான்.

பயப்படாதே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஸ்டேட் பேங்க் அதிகாரி வேலைக்குத் தேர்வாகி, 2021-இல் நியமன உத்தரவும் வாங்கிய ஒருவருக்கு, சிபில் அறிக்கை சரியில்லை என்று வேலையை ரத்து செய்தார்கள். கடனை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடியும் எடுபடவில்லை. பொதுப் பணத்தைக் கையாளுகிறவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும், பேங்க் செய்தது சரியே என்றது கோர்ட்.

ஒழுக்கம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கடன் நெருக்கினால் மனிதன் எதையும் விற்பான். அமெரிக்க உளவுத்துறையின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் கடன் தொல்லையில்தான் 1985-இல் ரஷ்யர்களுக்கு ரகசியம் விற்க ஆரம்பித்தான், 1994-இல்தான் பிடிபட்டான். அங்கே ரகசியக் கோப்பு பார்க்க அனுமதி கொடுக்குமுன் கடன் கணக்கையும் பார்க்கிறார்கள். ஆனால் வேலை போனதாலோ, வைத்தியச் செலவாலோ வந்த கடன் என்றால், அதை எடுத்துச் சொல்ல இடம் உண்டு.

நம் ஊர் விதியிலும் உண்டு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இல் 17-ஆம் விதி: ஓயாமல் கடன்படுவதும் திவாலாவதும் கூடாது, கடனுக்காக யாராவது கோர்ட்டுக்குப் போனால் உடனே துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் கீழேயே ஒரு குறிப்பு. ஊதாரித்தனத்தால் வந்ததல்ல, என் கையை மீறி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. பொறுப்பு என்றாலும் அது ஒரு வாய்ப்புதானே! உள்ளே இருப்பவனுக்கு இருக்கும் அந்த வாய்ப்பு, வாசலில் நிற்கிற பையனுக்கு ஏன் இல்லை?

இன்னொன்று. சிபிலுக்குத் தெரிவது பேங்க் கடன், ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன். கந்துவட்டி தெரியாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் தன் ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் வட்டிக்காரரிடமே கொடுத்து வைத்திருந்தார். 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த பிறகும் இதே கதைதான். சம்பளத்தன்று அந்த ஆள் எடுத்தது போக மிச்சம்தான் இவருக்கு. பில்களெல்லாம் இவர் மேஜை வழியாகத்தான் போகும். இவருக்குச் சிபில் எடுத்திருந்தால் பளிச்சென்று இருந்திருக்கும், பேங்கில் கடனே இல்லையே! பேங்க் படியேறி, கையெழுத்துப் போட்டு, படிப்புக்குக் கடன் வாங்கிய பையன் மாட்டிக்கொள்கிறான்.

என்னைக் கேட்டால், தள்ளுவதற்கு முன் ஒரு விளக்கம் கேளுங்கள் என்பேன். ஏன் தவறியது, எப்போது கட்டினான் என்று. ஒரு மெமோவுக்கு ஒரு பதில். எத்தனை ஆயிரம் பார்த்திருப்போம்!

வண்டி வந்துவிட்டது. தவணை ரசீது ஒவ்வொன்றையும் பத்திரமாக வை, கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கு, சிபில் அறிக்கையில் அது ஏறியதா என்று நீயே பார், ஆன்லைன் ஆப்பில் மட்டும் கடன் வாங்காதே என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். "ஆப்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு ஐயா" என்றான்.