வெள்ளிக் கரண்டியை நம்பலாமா?

மாரி மழை விழுந்தால் தோப்பூரில் காளான் கதையும் முளைக்கும். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, புழு தின்றிருந்தால் நல்லது என்று கைபேசியில் சோதனைகள் வரும். இரண்டும் பொய். மனிதனைக் கொல்லும் காளானைப் புழு சுகமாகத் தின்னும். கொடிய சில காளான்களின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. வாந்தி தொடங்கவே 6 மணித்தியாலத்துக்கு மேலாகும்.

என் உம்மும்மாவிடம் சோதனை எதுவும் இல்லை. அவருக்குப் புற்றுக்காளானைத் தெரியும், அவ்வளவுதான். தண்டோடு தோண்டிப் பார்ப்பார். அது வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்க வேண்டும். உள்ளே அதை வளர்ப்பதே கறையான்தான். புல்தரையில் முளைக்கும் வெள்ளைக் காளான் ஒன்றும் உண்டு. தலையில் மண்ணிறச் செதில் இருக்கும், முற்றினால் குடையின் அடிமடிப்பு பச்சையாகும். தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும்தான்.

பாலைவன மண்ணுக்கடியில் விளையும் 'கம்அ'வைப் பற்றிய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதை எல்லாக் காளானுக்கும் அனுமதிச் சீட்டாகக் காட்டுவோரும் நம்மிடையே உண்டு!

உயிரியலில் பங்கசுகளைப் படிக்கும் நமக்கு வளவில் முளைத்ததன் பெயர் தெரியாது. இந்த மாரியில் மூத்தவர்களோடு போய்ப் பார்த்து, படமெடுத்து, குறிப்பெழுதி நம் ஆய்வுகூடத்தில் வைத்தால் என்ன? அந்த அறிவு உம்மும்மாமாரோடு போய்விடக் கூடாது.

பெற்றோருக்கு ஒன்று: காளான் தின்று யாருக்கும் சுகமில்லையென்றால் மிச்சத்தையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. வைத்தியர்கள் அங்கே கேட்கலாம். சட்டியைக் கழுவிவிட்டால் அவர்களும் ஊகிக்கத்தான் வேண்டும்.