நூறு நாள் காவல்

புது எலும்பு மஜ்ஜை ‘பிடித்துவிட்டது’ என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் மூட்டை கட்டத் தொடங்குகிறார்கள். கொஞ்சம் பொறுப்பது நல்லது. மாற்று சிகிச்சை முடிந்து சில வாரங்களில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை ஏறிவிடும். ஆனால் வைரஸ்களை இனம்கண்டு அழிக்கும் டி அணுக்கள் முழுதாக வேலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து.

முதல் எதிரி சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமாக சி.எம்.வி. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறு வயதில் பெரும்பாலும் காய்ச்சல்கூட இல்லாமல் தொற்றி, ஆயுள் முழுக்க உடலில் உறங்கிக் கிடக்கும். மேலை நாடுகளில் இந்த வைரஸ் இல்லாத நோயாளிக்கு முடிந்தவரை அது இல்லாத கொடையாளியைத் தேடுகிறார்கள். இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் அது இருக்கிறது. தனியறை, முகமூடி, வடிகட்டிய காற்று எல்லாம் வெளியாளைத்தான் தடுக்கும். இதுவோ உள்ளேயே குடியிருப்பது.

மும்பை டாடா மருத்துவமனையில் 1983-லும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் இந்த சிகிச்சை தொடங்கிய நாட்களில், சி.எம்.வி. நுரையீரலைத் தாக்கினால் பிழைப்பது அபூர்வம். கான்சிக்ளோவிர் வந்த பிறகு நிலைமை மாறியது. வாராவாரம் ரத்தத்தை பி.சி.ஆர். முறையில் சோதித்து, வைரஸ் தலைதூக்கினால் அறிகுறிக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். குறைந்தது 100 நாள் இந்தக் காவல். மருந்திலும் வில்லங்கம் உண்டு. கான்சிக்ளோவிர், அரும்பாடுபட்டு வேரூன்றிய புது மஜ்ஜையையே அமுக்கும். மாற்று மருந்தான ஃபாஸ்கார்னெட் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மஜ்ஜையைத் தொடாத லெட்டர்மோவிர், 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலைதான் மலைக்க வைக்கிறது.

நூறு நாள் என்பது ஏட்டில் எளிது. பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த குடும்பத்துக்கு அது மூன்று மாத அறை வாடகை, மூன்று மாத சம்பள இழப்பு. சிகிச்சைக்கே நிலத்தை விற்றவர்கள் அறுபதாம் நாள் ரயிலேறினால் யார் குறை சொல்வது? ஆனால் சோதனை விட்டுப்போகும் அந்த வாரங்களில்தான் சி.எம்.வி. விழித்துக்கொள்கிறது. செலவுக் கணக்கு போடும்போதே இந்த நூறு நாளையும் சேர்த்துச் சொல்லிவிடும் டாக்டர், பாதி வைத்தியம் செய்தவராகிறார்.

பிறகும் தொல்லைகள் உண்டு. என்றோ வந்துபோன சின்னம்மை வைரஸ் அக்கியாகத் திரும்பும். அதற்காக ஓராண்டுக்குக் குறையாமல் அசைக்ளோவிர் மாத்திரை. குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பழைய மஜ்ஜையோடு போய்விடுவதால், ஐம்பது வயதுக்காரரும் கைக்குழந்தைபோல மறுபடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளுக்கு இரண்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொன்று. போலியோ சொட்டு மருந்தில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான். குடித்த குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். சொட்டுக்குப் பதில் ஊசி போட முடியுமா என்று நோயாளி வீடு திரும்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.