பீக்கோ பாதை வரட்டும், லயத்துப் பாதை எப்போது?



கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவுக்கு வருகிறது பீக்கோ நடைபாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்தன. வெளிநாட்டவர் வந்து நடக்கிறார்கள். நல்லது, வரவேற்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதில் பிழைப்பு கிடைக்கட்டும்.

ஆனால் அதில் பெரும்பகுதி நம் பாட்டன் பூட்டன் வெட்டிய பழைய தேயிலைப் பாதை. அதுபோன்ற பாதைகளில்தான் இன்றும் கொழுந்து மூட்டையோடு மடுவத்துக்கு இறங்குகிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதும் அதில்தான். மழை பெய்தால் படி வழுக்கும். ஓடை பெருகினால் பக்கத்துத் தோட்டத்துக்கே போக முடியாது.

கேட்டால், "அது கம்பனிக் காணி" என்று சபை கைவிரிக்கிறது. "சபையிடம் கேளுங்கள்" என்கிறது நிர்வாகம். இந்தச் சாக்கு இனிச் செல்லாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. நிர்வாகத்தோடு கலந்துபேசி, தோட்டப் பாதைக்கும் சபை நிதி செலவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் உடைந்த படி, பாலமில்லாத ஓடை, விளக்கில்லாத வளைவு எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். லயம் லயமாகக் கையெழுத்து வாங்குங்கள். சபையின் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே சபை உறுப்பினரிடமும் துரையிடமும் கொடுத்து, பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

ஒருநாள் நடக்க வருபவருக்குப் பாதை போட முடியுமென்றால், தினமும் நடக்கும் நமக்கும் முடியும்!