தேய்ந்து நகரும் வெள்ளி

திண்பொருளினுள் அசைவில்லை என்பர் பலர். அது முற்றும் பொருந்தாது. வெள்ளி அயோடைடு 147 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறின், திண்மமாக இருந்தே வெள்ளி அயனிகளை விரைந்து செலுத்தும். இத்தகையதே திண்ம மின்பகுளி.

மாணவர்களே! அதனுள் பதிந்த வெள்ளித்துகள் மின்புலத்தில் யாதாகும்? எதிர்மின்வாயை நோக்கிய பக்கம் அயனியாகிக் கரையும். மறுபக்கத்தை வந்தடையும் அயனிகள் வெள்ளியாய்ப் படியும். ஒருபுறம் தேய்ந்து மறுபுறம் வளர்தலால், துகள் நேர்மின்வாயை நோக்கி நகரும்.

மின்கலத்தில் இத்தகைய படிவு தீங்காகவும் முடியும். மின்னேற்றுங்கால் லித்தியம் இழையாய் வளர்ந்து, திண்ம மின்பகுளியின் நுண்பிளவுகளில் புகுந்து, மின்வாய்கள் இரண்டையும் இணைத்துவிடக்கூடும். ஆதலின், திண்மம் என்னும் பெயரையே காப்பெனக் கொள்ளுதல் அறிவுடைமையாகாது. உள்ளியக்கத்தை ஆராய்ந்து தெளிந்தபின் பயன்கொள்வதே முறையாகும்.